ரோலர் பல்லும் சம்பள நோட்டும்

"ஹெச்.ஆர். எல்லாம் கோயமுத்தூர்ல கண்ணாடிக் கட்டடம் வெச்சிருக்கறவங்களுக்குங்க. நமக்கு ஷிஃப்டுக்கு ஆள் வந்து நின்னாப் போதும்." ஆட்களை நிர்வகிக்கிற ஹெச்.ஆர். வேலையைப் பற்றி, கோத்தகிரிப் பக்கம் டீ ஃபேக்டரி நடத்தும் ஒருவர் என்னிடம் சொன்னது இது. நல்ல மனிதர். இலை கொடுக்கிற விவசாயிக்குப் பணம் நிறுத்தி வைக்காதவர். தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய் நிற்பவர். அவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தப் பேச்சு என்னை இவ்வளவு நாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆள் வந்து நின்றால் போதுமா? நிற்கிற ஆள் யார், எத்தனை வருடமாக நிற்கிறார், எந்தக் கணக்கில் சம்பளம் வாங்குகிறார், தப்பு நடக்கும்போது மெஷினை நிறுத்த அவருக்கு உரிமை இருக்கிறதா என்பதெல்லாம் கம்பெனியின் லாபத்தில் சேராதா? சேரும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

குன்னூரில் நாங்கள் வைத்திருப்பது லேத் பட்டறை. டீ ஃபேக்டரிகளில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷினின் ரோலருக்குப் பல் வெட்டித் தருவதுதான் முக்கால்வாசி வேலை. டீத்தூள் குருணை குருணையாக இருப்பதற்கு இந்த ரோலர்தான் காரணம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையங்களை ஒரு தண்டில் வரிசையாகக் கோத்து, அதன் மேல் அங்குலத்துக்கு எட்டோ பத்தோ பல் வெட்டியிருக்கும். இரண்டு ரோலர்கள் ஒட்டினாற்போல எதிரெதிராகச் சுழலும். ஒன்று ஒரு சுற்று சுற்றுவதற்குள் மற்றது பத்துச் சுற்று சுற்றிவிடும். நடுவில் விழுகிற வாடிய இலை நசுங்கி, கிழிந்து, சுருளும். பல் கூராக இருந்தால் இலை வெட்டுப்படும். மழுங்கிவிட்டால் அரைபடும், சூடேறும். அப்புறம் நசுங்கிய இலையைக் காற்றுப் பட்டு நிறமேற விடும் ஃபெர்மெண்டிங்கில் என்ன கவனம் எடுத்தாலும் தூள் பழுப்படிக்கும், நார் கூடும், ஏலத்துக்கு முன் ருசி பார்க்கிறவர் கோப்பையில் வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

தொழிலில் கொஞ்சநாள் ஊறினால் பல்லைப் பார்த்தே ஃபேக்டரியைச் சொல்லிவிடலாம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக மழுங்கியிருந்தால், அது ஓடி ஓடித் தேய்ந்த பல். அங்கங்கே பொக்கை விழுந்திருந்தால் இலையோடு வேறு ஏதோ உள்ளே போயிருக்கிறது. கல், மண், கம்பி வேலித் துண்டு. பறிக்க ஆள் கிடைக்காமல் தோட்டங்களில் இலை வெட்டும் கத்தரி வந்த பிறகு, கத்தரியிலிருந்து கழன்று விழும் போல்ட்டும் சேர்ந்துகொண்டது. இதையெல்லாம் தடுப்பதற்கு ரோலருக்கு முன்னாலேயே சல்லடை இருக்கிறது, கன்வேயருக்கு மேலே மேக்னெட் இருக்கிறது. எல்லா ஃபேக்டரியிலும் இருக்கிறது. ஆனால் எல்லா ரோலரும் ஒரே மாதிரி வருவதில்லை. ஒரே ஊர், ஒரே ஏஜென்ட் கொண்டு வருகிற இலை, ஒரே கம்பெனியின் மெஷின் என்றிருக்கும் இரண்டு ஃபேக்டரிகளிலிருந்து வரும் ரோலர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று சீராகவும் மற்றொன்று பொக்கையாகவும் இருக்கும். வித்தியாசம் சல்லடைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் இருக்கிறது. ஃபேக்டரியிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஆள் பெரும்பாலும் அவர்தான்.

தகரத்துக்கு அடியில் சல்லடை

மேலே சொன்ன முதலாளி ஒரு பருவம் முழுக்க எங்கள் மேல் கோபமாக இருந்தார். "உங்க பல்லு நிக்கறதே இல்லீங்க. ஸ்டீல் மாத்திட்டீங்களா?" என்று போனில் கேட்டார். ஸ்டீல் மாறவில்லை, வெட்டுகிற ஆளும் மாறவில்லை. ஆனால் அவர் சொன்னதும் உண்மை. அவருடைய ரோலர் மட்டும் வழக்கமான இடைவெளிக்கு வெகு முன்னாலேயே பட்டறைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது, வரும்போதெல்லாம் பொக்கையோடு. பொக்கை விழுந்த பல்லைச் சீராக்க வேண்டுமானால் மற்ற நல்ல பல்லையும் சேர்த்து அந்த ஆழத்துக்கு இழைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வளையத்தின் ஆயுளில் ஒரு பகுதி தூளாகிப் போகும். அந்தச் செலவைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை. நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி, மெஷின் போடுகிற நேரத்துக்கே போய் நின்றேன்.

விடிய இன்னும் நேரம் இருந்தது. ட்ரஃப் என்கிற, இலையை வாட வைக்கும் நீளத் தொட்டியில் ராத்திரி முழுக்க வாடிய இலையைக் கூடையில் அள்ளி ஆறு பையன்கள் கன்வேயரில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்ட் பையன்கள், காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். மேக்னெட்டைத் தொட்டுப் பார்த்தேன். அதன் மேல் நாரும் புழுதியும் அப்பிக் கெட்டியாகியிருந்தது. யாரோ துடைத்து வெகுநாள் ஆகியிருந்தது. சல்லடையைப் பார்த்தால், வலையின் மேல் ஒரு தகரத் தகட்டைப் போட்டு வைத்திருந்தார்கள். இலை வலையில் குதித்துப் புடைபடாமல் தகரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு நேராக ரோலருக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்லும் அதோடு சேர்ந்துதான் போயிருக்கும்.

கூட இருந்த டீ மேக்கர், அதாவது தூள் தயாரிப்பைக் கவனிக்கிறவர், கத்த ஆரம்பித்தார். நான் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பாதித் தமிழும் பாதி இந்தியுமாக ஒரு பையனிடம் தகரம் எதற்கு என்று கேட்டேன். அவன் மறைக்கவே இல்லை. வலையில் ஈர இலை அடைத்துக்கொள்கிறது; அடைத்தால் பெல்ட்டை நிறுத்திச் சுரண்ட வேண்டும்; நிறுத்தினால் ட்ரஃப் காலியாகாது; ட்ரஃப் காலியாகாவிட்டால் அடுத்த லோடு இறக்க முடியாது; அவர்களுக்குக் கூலி கிலோக் கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ இலை இறக்கி ஏற்றினார்களோ அத்தனைக்குத்தான் காசு. ஒருவன் பெல்ட்டை நிறுத்தினால் ஆறு பேருக்கும் கூலி குறையும். அப்புறம் யாரும் கேட்காமலே அவன் பேன்ட் பாக்கெட்டில் கை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். இரண்டு கூழாங்கல், ஒரு கத்தரி போல்ட், விரல் நீளத்துக்குத் துருப்பிடித்த கம்பி. இலை வழுக்கிப் போகும்போது கண்ணில் பட்டதையெல்லாம் ஓடுகிற பெல்ட்டிலிருந்தே கையால் பொறுக்கி வைத்திருக்கிறான். செய் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அதற்குத் தனியாகக் காசும் இல்லை. கை போகிற வேலை அது. ரோலருக்குப் பக்கத்தில் ஓடுகிற பெல்ட்டில் கை நீட்டக் கூடாது.

முதலாளியும் அந்த நேரத்துக்கு வந்து பக்கத்தில் நின்றிருந்தார். என் கையிலிருந்த போல்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையனைத் திட்டவில்லை, டீ மேக்கரையும் திட்டவில்லை. "கிலோவுக்கு எவ்வளவு குடுக்கறோம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்ட இடத்தில்தான் அந்த ஃபேக்டரி திரும்பியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதுவரை ரோலர் கெட்டுப்போவதற்கு ஸ்டீல், லேத், மழை, விவசாயி என்று எல்லாக் காரணமும் பேசியாகிவிட்டது. கூலிக் கணக்கை யாரும் காரணமாக எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தக் கூலிக் கணக்கு வருவதற்கு முன்னால் சல்லடைக்குப் பக்கத்தில் ஒரு அக்கா இருந்தார். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். அம்மாவும் அங்கே டீ ஃபேக்டரியில் இருந்தவர்தான். இந்த அக்கா ஒரு மரக்குச்சியை வைத்துக்கொண்டு வலையைத் தட்டிக்கொண்டே இருப்பார், மணிக்கொரு தடவை மேக்னெட்டைத் துணியால் துடைப்பார், சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் பெல்ட்டை நிறுத்துவார். "அந்தம்மா நிறுத்திட்டே இருக்கும்" என்று டீ மேக்கருக்கு அவர் மேல் குறை. காண்ட்ராக்ட் வந்ததும் அவரைத் தூள் சலித்துத் தரம் பிரிக்கிற சிஃப்டிங் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு ஆள் கூலி மிச்சம் என்று கணக்கில் எழுதினார்கள். அந்த மிச்சம் போன வழி எங்கள் பட்டறைப் பில்லில் இருக்கிறது.

பிறகு செய்தவை பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ட்ரஃபிலிருந்து ரோலர் வரைக்கும் நிற்கிற ஆட்களை கிலோக் கணக்கிலிருந்து எடுத்து, ஃபேக்டரியின் நேரடி மாதச் சம்பளத்தில் சேர்த்தார்கள். லாரி இறக்குவது மட்டும் காண்ட்ராக்டரிடமே இருந்தது. அக்காவைத் திரும்பக் கூப்பிட்டு, பாக்கெட்டில் கல் சேர்த்து வைத்திருந்த பையனை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. குச்சியைக் கொடுத்துத் தட்டச் சொல்லி, மேக்னெட்டைத் தொட்டுக் காட்டி, கை ஜாடையிலேயே சொல்லிக்கொடுத்தார். பெல்ட்டை நிறுத்தும் ஸ்விட்சை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, நிறுத்தினால் ஏன் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கக் கூடாது, காலையில் நோட்டில் எழுதினால் போதும் என்று முதலாளியே சொன்னார். டீ மேக்கருக்கு இதில் மனக்கசப்பு இருந்தது. அவரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். அடுத்து வந்த ரோலர்களில் பொக்கை குறைந்தது. போகப் போக, மற்ற நல்ல ஃபேக்டரி ரோலர் வருகிற இடைவெளியிலேயே அவருடையதும் வர ஆரம்பித்தது.

ஒரு ரூபாயின் கணக்கு

இதைச் சொன்னால் பலர் கேட்பது, "ரோலர் செலவு மொத்தச் செலவில் எவ்வளவு வரும்? அதற்காக ஆளைப் பிடித்து வைத்துச் சம்பளம் கொடுக்கலாமா?" என்பது. ரோலரை விடுங்கள், தூளைப் பார்ப்போம். நாலு, நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். தினம் 10,000 கிலோ இலை எடுக்கிற ஃபேக்டரி என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,300 கிலோ தூள். ஏலத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலோ இறங்கினாலோ நாளைக்கு 2,300 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 57,500 ரூபாய். மூன்று ரூபாய் வித்தியாசம் என்றால் 1,72,500. பல் மழுங்கியதால் தூள் பழுப்படிக்கும்போது வித்தியாசம் ஒரு ரூபாயோடு நிற்காது, சில வாரம் அந்த லாட் விற்காமலே திரும்பும். சல்லடைக்கு ஒரு ஆள், தூளைக் காயவைக்கிற ட்ரையருக்கு ஒரு நிலையான ஆள் என்று வைத்துக் கௌரவமாகச் சம்பளம் கொடுத்தாலும் இந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். நீலகிரியில் இந்தக் கணக்கு முதலாளியோடு முடிவதும் இல்லை. ஏல விலையை வைத்துத்தான் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சை இலைக்குக் குறைந்தபட்ச விலை சொல்கிறது. ஃபேக்டரிகள் மோசமான தூள் போட்டால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற ஹட்டிக்காரர்களின், அதாவது மலைக் கிராமத்து விவசாயிகளின், வீட்டுச் செலவிலும் அது இடிக்கும்.

என் அக்கா மகள் கோவையில் எம்.பி.ஏ. படித்தபோது இந்தத் தகரக் கதையை அவளிடம் சொன்னேன். "மாமா, இதைத்தான் எங்களுக்கு ஒரு பேப்பராகவே வைத்திருக்கிறார்கள்" என்று சில ஆய்வுகளை எடுத்துக் காட்டினாள். அதில் முதலாவது 1995-இல் மார்க் ஹுசெலிட் என்பவர் அமெரிக்காவில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கம்பெனிகளை வைத்துச் செய்தது. தேர்ந்தெடுத்து ஆள் எடுப்பது, பயிற்சி, வேலையோடு பிணைந்த ஊதியம், தொழிலாளியின் குறையைக் கேட்க ஒரு வழி என்று இவை கூடக் கூட, ஆட்கள் விட்டுப் போவது குறைகிறது, ஒரு ஆளுக்கு ஆகிற விற்பனையும் லாபமும் கூடுகின்றன என்று அதில் வந்தது. எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. லாபம் வருகிற கம்பெனியால்தானே நல்ல சம்பளமும் பயிற்சியும் கொடுக்க முடியும்? குதிரை முன்னாலா, வண்டி முன்னாலா என்று அந்தக் கணக்கை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம்ம முதலாளிகளும் அதைத்தான் கேட்பார்கள், "விலை வரட்டும், அப்புறம் செய்யறோம்" என்று.

என்னை உட்கார வைத்தது அடுத்தது. 1997-இல் இக்னியோவ்ஸ்கி, ஷா, பிரென்னுஷி என்ற மூவர் வெளியிட்ட ஸ்டீல் ஆலை ஆய்வு. 17 கம்பெனிகளில் 36 லைன்கள், எல்லாம் ஸ்டீலுக்குக் கடைசி மெருகு கொடுக்கிற ஒரே வகை லைன். ஒரே மாதிரி மெஷினை ஒரே மாதிரி மெஷினோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், எங்கள் பட்டறையில் இரண்டு ரோலரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல. அவர்கள் அளந்தது லைன் நிற்காமல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை. ஊக்க ஊதியம், குழுவாக வேலை, ஒருவர் பல வேலை பழகுவது, வேலைக்கு உத்தரவாதம், பயிற்சி எல்லாம் சேர்ந்து இருந்த லைன்கள் நன்றாகவே கூடுதலாக ஓடின. இதில் ஏதாவது ஒன்றை மட்டும் தனியாகக் கொண்டுவந்த இடத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இதைப் படித்ததும் நம் கிலோக் கூலிதான் ஞாபகம் வந்தது. அதுவும் ஒரு ஊக்க ஊதியம்தானே? ஊக்கம் வேகத்துக்கு மட்டும் இருந்தது. நிறுத்துகிற உரிமையும், நாளைக்கும் இதே வேலையில் இருப்போம் என்ற நம்பிக்கையும், சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் அதோடு இல்லை. அப்படியிருந்தால் தகரம் வரத்தான் செய்யும்.

குதிரை வண்டிக் கேள்விக்குப் பதில் நம் நாட்டிலேயே கிடைத்தது. நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் மும்பைக்குப் பக்கத்தில் நெசவு ஆலைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் போட்டுச் சிலவற்றுக்கு மட்டும் நிர்வாக ஆலோசனையை இலவசமாகக் கொடுத்தார்கள். மற்றவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. குலுக்கலில் தேர்ந்ததால், நல்ல கம்பெனிதான் நல்லது செய்கிறது என்ற வாதத்துக்கு இடமில்லை. 2013-இல் வெளியான முடிவுப்படி, ஆலோசனை கிடைத்த ஆலைகளில் முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது. சேர்த்த பழக்கங்கள் எல்லாமே ஆள் சம்பந்தப்பட்டவை அல்ல. சரக்கிருப்பு, தரம், மெஷின் பராமரிப்பு என்று பல இருந்தன, ஆட்களை நிர்வகிப்பதும் அதில் ஒன்று. பழுதை எழுதி வைப்பது, காலையில் உட்கார்ந்து அதைப் பேசுவது போன்றவைதான் பெரும்பாலும். இதற்கு முன் ஏன் செய்யவில்லை என்று பார்த்தால், பல ஆலைக்காரர்களுக்கு இதனால் லாபம் வரும் என்ற நம்பிக்கையே இருக்கவில்லையாம். கோத்தகிரிக்காரர் சொன்னதும் அதேதான் என்று எனக்குத் தோன்றியது.

பிலிம் ஃபேக்டரியை மறக்கக் கூடாது

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆளை நன்றாக வைத்துக்கொண்டால் கம்பெனி பிழைத்துவிடும் என்று யாராவது சொன்னால், ஊட்டிக்காரர்கள் இந்து நகரைக் காட்டுவார்கள். அங்கே இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த கம்பெனி. குடியிருப்பு, நிலையான வேலை என்று நீலகிரியில் அதற்கு இருந்த மதிப்பு பெரிது. அங்கே வேலை என்றால் பெண் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். 1990-களின் நடுவில் அது நலிந்த கம்பெனி ஆகிவிட்டது, பிற்பாடு மூடியே போனது. கடனும் போட்டியும் ஒரு பக்கம் நெருக்க, பின்னால் உலகமே பிலிமை விட்டு டிஜிட்டலுக்குப் போய்விட்டது. இருட்டறையில் வேலை பார்த்துப் பழகிய அந்தக் கைகள் எவ்வளவு திறமையாக இருந்தும் சந்தையை அவர்களால் இழுத்து நிறுத்த முடியவில்லை. தேயிலையிலும் அப்படித்தான். 1990-களின் கடைசியில் பச்சை இலை விலை விழுந்தபோது நல்ல ஃபேக்டரியும் கெட்ட ஃபேக்டரியும் சேர்ந்துதான் அடிவாங்கின. விலை உலகத்தில் எங்கோ தீர்மானமாகிறது, அதை ஆள் நிர்வாகம் மாற்றாது. ஆனால் அதே விலைக்குள், அதே வாரத்து ஏலத்தில், பக்கத்து ஃபேக்டரிக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி நம் கையில் இருக்கிறது. நான் பேசுவது அந்த இடைவெளியைப் பற்றி மட்டும்தான்.

அந்த இடைவெளியில் மிகப் பெரிய பங்கு ட்ரையர்காரருக்கு என்பது என் கணிப்பு. சல்லடைக்காரர் செய்கிற தப்பு பல்லில் தெரியும். ட்ரையரில் நடக்கிற தப்பு ஏலம் வரைக்கும் தெரியாது. உள்ளே போகிற காற்றின் சூடு, தூள் பரவிக் கிடக்கும் படுகையின் கனம், வெளியே வரும் தூளில் மூன்று சதவீதத்தை ஒட்டி ஈரம் நிற்கிறதா என்பதை மீட்டர் சொல்லும் என்பது சரிதான். ஆனாலும் பழகியவர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய் மீட்டருக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். மழைக்கால இலைக்கும் ஜனவரி பனிக்கால இலைக்கும் ஒரே சூடு ஆகாது என்பது அவருக்கு வருடக்கணக்கில் நின்று வந்த அறிவு. அந்த மாதிரி ஒருவர் இப்போது வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போகிறார். காரணம் சம்பளம் மட்டும் இல்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மலைப்பாதையில் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும், பி.எஃப். சரியாகக் கட்டினார்களா என்று தெரியாது, போனஸ் 8.33 சதவீதமா அதற்கு மேலா என்பது ஒவ்வொரு தீபாவளிக்கும் சண்டை போட்டுத்தான் தீரும். மகனை ஃபேக்டரியில் சேர்க்க மனசில்லை. பனியன் கம்பெனியிலும் கஷ்டம்தான், ஆனால் அங்கே மகனும் மகளும் வேலை பார்க்கிறார்கள், குடும்பமே ஒரே இடத்தில் இருக்கலாம் என்கிறார். அவர் கூடவே போகிற அறிவுக்கு எந்த நோட்டிலும் மதிப்பு எழுதி வைக்கவில்லை.

ஆள் விட்டுப்போவதற்கு விலை உண்டு என்பது பழைய பாடம். 1913-இல் ஃபோர்டு கார் கம்பெனியில் சுமார் 14,000 பேர் வேலை பார்க்கிற இடத்தை நிரப்பி வைக்க அந்த ஒரு வருடத்தில் 52,000-க்கு மேல் ஆள் எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் நின்றால்தானே? அடுத்த வருட ஆரம்பத்தில் ஹென்றி ஃபோர்டு நாள் வருமானத்தை ஐந்து டாலராக ஆக்கினார், கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதோடு சேர்த்துத் தொழிலாளியின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற கண்காணிப்பும் வந்தது, அதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் ஆள் நிற்க ஆரம்பித்தார்கள் என்பது உண்மை. நம் மலையில் இன்று வடக்கிலிருந்து வருகிற பையன்களை வைத்துத்தான் ஃபேக்டரிகள் ஓடுகின்றன. அவர்களை ஒரு பருவத்துக்கு வந்து போகிற கையாகவே நினைக்கிறோம். மெஷினில் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, நிற்கிறவனுக்கு இரண்டும் தெரியாது. ஈரச் சுவர் அறையில் எட்டுப் பேர் படுக்கிறார்கள். பழகின பையன் ஊருக்குப் போனால் திரும்பி வருவானா என்று யாருக்கும் தெரியாது, வராவிட்டால் காண்ட்ராக்டர் வேறொருவனை அனுப்புவார், அவன் முதலிலிருந்து கற்றுக்கொள்வான். கற்றுக்கொள்கிற அந்தச் செலவு தூளில் இறங்கி ஏலத்தில் தெரிகிறது. குந்தாவில் 1962-இல் தொடங்கிய கூட்டுறவு ஃபேக்டரியிலிருந்து இன்றைய தனியார் ஃபேக்டரிகள் வரை, மெஷினும் கட்டடமும் வாங்கக் கடன் கேட்டுப் போகிறோம். ஆள் தங்க அறை கட்டுவதை முதலீடு என்று நினைத்துப் பேங்குக்குப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என் மனதில் அது ரோலரைவிட அவசரமான முதலீடு.

கோத்தகிரி முதலாளியிடம் போன மாதம் மறுபடி பேச்சு வந்தது. அவருடைய தூளுக்கு இப்போது கொஞ்சம் நல்ல பெயர். அது சல்லடையால் மட்டும் வந்தது என்று நான் சொல்லவில்லை, அவரே மெஷின் போடுகிற நேரத்துக்கு வந்து நிற்க ஆரம்பித்ததற்கும் அதில் பங்கு உண்டு. சல்லடைப் பையனுக்கு இப்போது நேரடிச் சம்பளம், ஆனால் பி.எஃப். இன்னும் இல்லை. "நிப்பானான்னு பாத்துட்டு சேத்துக்கலாம்னு இருக்கேன்" என்றார். சேர்த்தால்தான் நிற்பான் என்று நான் சொன்னேன். சம்பள நோட்டையும் எங்கள் ரோலர் பில்லையும் பக்கத்தில் வைத்து, காண்ட்ராக்ட் வந்த மாதத்திலிருந்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றும் சொன்னேன். பழைய பில்களை எடுத்துத் தரச் சொன்னார். இந்த வாரம் அனுப்பிவைக்கிறேன்.